கார்சியா யாருடைய பெயர்?

தமிழில் நாம் மார்க்வெஸ் என்று சொல்லிப் பழகிவிட்ட கொலம்பிய எழுத்தாளரின் முழுப்பெயர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ். காப்ரியேல் அவருக்கு வைத்த பெயர். கார்சியா அப்பா வழியில் வந்தது. கடைசியில் நிற்கும் மார்க்வெஸ், அம்மாவின் குடும்பப் பெயர். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் 'கார்சியா மார்க்வெஸ்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். பிரியம் கூடினால் 'காபோ'. பல வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தின் ஆங்கிலப் பிரிவில் எம் எழுத்து வரிசையில் அவர் புத்தகங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. "ஜி எழுத்துப் பக்கம் போய்ப் பாருங்க" என்றார் அங்கே வேலை பார்த்த அம்மா. போனால் ஒரு தட்டு நிறைய இருந்தது. யார் இந்தக் கார்சியா என்ற கேள்வி எனக்கு அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இந்தப் பெயரை ஏறக்குறைய 'கார்தீயா' என்கிறார்கள். ஆங்கிலேயர் 'தேங்க்ஸ்' சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுவார்களே, அந்த ஒலிதான் நடுவில் வருவது. தெற்கே அண்டலூசியாவின் பல ஊர்களிலும், லத்தீன் அமெரிக்கா முழுவதும், பிலிப்பைன்ஸிலும் அது 'கார்சீயா'. அழுத்தம் நடு அசையில் விழும். எழுதும்போது அந்த ஐ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களில் அந்தக் கோடு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

ஸ்பெயினில் மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான். அப்பா வழிப் பெயராகக் கார்சியாவைக் கொண்டவர்கள் அங்கே 14 லட்சத்துக்கும் மேல், அதாவது நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். அம்மா வழிப் பெயராகவும் ஏறக்குறைய அதே அளவு ஆட்களிடம் இருக்கிறது. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எங்காவது ஓரிடத்தில் கார்சியா தட்டுப்படும் என்று எதிர்பார்க்கலாம்.

ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் பொதுவாக நாலு வழியில் வந்தவை. ஊர்ப் பெயர் சில: நவாரோ என்றால் நவார்ரா நாட்டிலிருந்து வந்தவர். தொழில் சில: எர்ரேரோ கொல்லர், சபாதேரோ செருப்புத் தைப்பவர். ஆளின் தோற்றம் சில: மொரேனோ மாநிறம், டெல்காடோ ஒல்லி. மீதி எல்லாம் அப்பா பெயர். அந்த மீதிதான் மிகப் பெரிய கூட்டம். கார்சியாவும் அதில் ஒன்று. ஒரு காலத்தில் குழந்தைக்குத் தொட்டிலில் வைத்த பெயர் அது. ராமு, சோமு மாதிரி ஆளைக் கூப்பிடும் பெயர். குடும்பப் பெயராக அது மாறியது பிற்பாடுதான்.

கரடியா, இளைஞனா

பெயருக்கு அர்த்தம் என்ன? ஸ்பானிய அகராதியில் தேடினால் கிடைக்காது. காரணம், இது ஸ்பானியச் சொல்லே இல்லை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கும் பிரனீஸ் மலைகளின் மேற்குக் கோடியில் பாஸ்க் மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். ரோமானியர் லத்தீனைக் கொண்டுவருவதற்கு முன்பே அங்கே புழங்கிய மொழி அது. சுற்றியிருக்கிற எந்த ஐரோப்பிய மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. கார்சியா அந்த மொழியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சொல்லிலிருந்து என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒரு கட்சி 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைக் காட்டுகிறது. பாஸ்க் மொழியில் அதற்குக் கரடி என்று பொருள். இன்னொரு கட்சி 'காஸ்தே' என்ற சொல்லைக் காட்டுகிறது. அதன் பொருள் இளைஞன், இளமையானவன். நெடுங்காலத்துக்கு முந்திய உச்சரிப்பு மாற்றங்களை வைத்து நடக்கும் வழக்கு என்பதால் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

எனக்குக் கரடி பக்கம் சாயத்தான் மனம் வருகிறது. பிரனீஸ் மலைக்காரர்களுக்குக் கரடி வெறும் காட்டு விலங்காக மட்டும் இருந்ததில்லை. குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கி, வெயில் திரும்பும்போது வெளியே வருகிற கரடி அவர்களுக்கு வசந்தத்தின் முன்னறிவிப்பு. நவார்ராவில் இதுரென், சுபியேதா என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு இருக்கின்றன. ஜனவரிக் கடைசியில் அங்கே ஒரு திருவிழா. ஆட்டுத்தோலைத் தோளிலும் இடுப்பிலும் போர்த்தி, முதுகுக்குக் கீழே இரண்டு பெரிய செம்பு மணிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கூம்புத் தொப்பி வைத்த ஆண்கள் ஒரே தாளத்தில் மணி குலுங்க ஊரிலிருந்து ஊருக்கு நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கரடி வேடம் போட்ட ஒருவரும் வருவார், அவரைப் பிடித்து நடத்திக்கொண்டு போக ஒருவர் கூடவே வருவார். குளிரை விரட்டும் சடங்கு அது. அப்படிப்பட்ட மலையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கரடியின் பெயரை வைத்திருப்பார்கள் என்பது நம்பக்கூடிய விஷயம்தான்.

பாஸ்க் மொழியில் இன்றைக்கும் இதை 'கார்ட்சியா' என்று டகர ஒலி சேர்த்து எழுதுகிறார்கள். இடைக்கால லத்தீன் ஆவணங்களில் 'கார்சேயா' என்று வரும்.

ராஜாக்கள் வைத்துக்கொண்ட பெயர்

மலைக்காரர்களின் பெயர் சமவெளிக்கு இறங்கியதில் அரண்மனைக்குப் பங்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாம்ப்லோனா என்ற சிறு ராஜ்ஜியம் உருவானது. பின்னாளில் நவார்ரா என்று பெயர் பெற்றது இதுதான். அதன் முதல் அரசர் இனிகோ அரிஸ்தா. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வரும் இனிகோ இதே பெயர்தான். இஞ்ஞாசியார் என்று நாம் சொல்லும் லொயோலா புனிதருக்கு வீட்டில் வைத்த பெயரும் இனிகோ. இந்த அரசரின் மகன் கார்சியா இனிகெஸ். 'இனிகெஸ்' என்றால் இனிகோவின் மகன்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பானியப் பெயர்களின் சூட்சுமம் முழுக்க இந்த 'எஸ்' விகுதியில் இருக்கிறது. ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகெஸ். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். கோன்சாலோவின் மகன் கோன்சாலஸ், மார்ட்டினின் மகன் மார்ட்டினெஸ். பேத்ரோ என்ற பெயர் பழங்காலத்தில் பேரோ என்றும் வழங்கியதால், அவர் மகன் பெரேஸ். அண்டை நாடான போர்ச்சுகலிலும் இதே முறைதான். அங்கே கடைசி எழுத்து மட்டும் வேறு, ஒலியில் பெரிய மாற்றம் இல்லை.

முக்கியமான விஷயம், அந்தக் காலத்தில் இது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறியது. பாம்ப்லோனா அரச பரம்பரையே இதற்குக் கண்ணெதிரே நிற்கும் உதாரணம். கார்சியா என்பவரின் மகன் சாஞ்சோ. ஆகவே அவர் சாஞ்சோ கார்சேஸ், ஆட்சிக்காலம் 905 முதல் 925 வரை. அவர் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள்: கார்சியா சாஞ்செஸ், 925 முதல் 970 வரை. அவர் மகன் மறுபடியும் சாஞ்சோ கார்சேஸ். அவர் மகன் மறுபடியும் கார்சியா சாஞ்செஸ். இப்படியே 1076 வரை சாஞ்சோவும் கார்சியாவும் ஒருவர் மாற்றி ஒருவர் சிங்காதனத்தில் உட்கார்ந்தார்கள். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் பேரன் என்று நம் மொழி சொல்வதை, அந்த மலை ராஜ்ஜியம் அப்படியே செய்துகொண்டிருந்தது. ஆனால் அப்பாவுக்கும் மகனுக்கும் பொதுவான ஒரு குடும்பப் பெயர் அவர்களிடம் இல்லை. 'கார்சேஸ்' என்பது அந்த ஒருவருக்கு அப்பா யார் என்று சொல்லும் அடையாளம், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் நவார்ராவோடு நிற்கவில்லை. லியோன் நாட்டில் 910 முதல் 914 வரை ஆண்டவர் ஒரு கார்சியா. மலைக்கு அந்தப் பக்கம் காஸ்கனி பிரபுக்களில் கார்சியாக்கள் உண்டு. கலீசியாவின் அரசராக ஒரு கார்சியா இருந்தார், அவர் கதை பரிதாபமானது. அப்பா பெர்னாண்டோ இறக்கும்போது ராஜ்ஜியத்தை மூன்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். கடைக்குட்டி கார்சியாவுக்குக் கலீசியா. மூத்த அண்ணன்கள் இருவரும் அதை அவரிடம் விட்டுவைக்கவில்லை. 1073இல் அண்ணன் அல்போன்சோ அவரைப் பிடித்து லூனா கோட்டையில் அடைத்தார். 17 வருடம் கழித்து, 1090இல், அங்கேயே இறந்தார். சாகும்வரை கால் விலங்கு கழற்றப்படவில்லை என்றும், விலங்கோடே தன்னைப் புதைக்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள்.

'எஸ்' ஒட்டாத பெயர்

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். கார்சியாவின் மகன் கார்சேஸ் என்றால், இன்று ஸ்பெயின் முழுக்கக் கார்சேஸ் அல்லவா நிறைந்திருக்க வேண்டும்? கார்சேஸ் என்ற குடும்பப் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் கார்சியாவுக்குப் பக்கத்தில் அது ரொம்பச் சின்னது.

எல்லா ஊரிலும் விகுதி போட்டுத்தான் அப்பா பெயரைச் சொன்னார்கள் என்றில்லை. மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை மொட்டையாக வைத்துவிடும் வழக்கமும் கூடவே இருந்தது. பேத்ரோ கார்சியா என்றால் கார்சியாவின் பிள்ளை பேத்ரோ. விகுதி வேண்டியதில்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். சில பெயர்களில் இந்த மொட்டை வழக்கமே வென்றது. மார்ட்டின், அலோன்சோ, வின்சென்ட் என்பதன் ஸ்பானிய வடிவமான விசென்தே எல்லாம் இன்று குடும்பப் பெயர்களாக அப்படியே புழங்குகின்றன. கார்சியா அந்த வகையில் முதல் பெயர்.

இதே வேறுபாட்டைத் தமிழ்க் கடற்கரையிலேயே பார்க்கலாம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துகீசியரின் பெயர்கள் அவர்களோடு வந்து சேர்ந்தன. தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பார் பக்கம் இன்றும் கேட்கிற பர்னாந்து, பெர்னாண்டோ என்ற பெயர் விகுதி ஒட்டாதது. அப்பா பெயர் மொட்டையாகக் குடும்பப் பெயரானது. இலங்கையிலும் அப்படித்தான். அதே கரையில் கேட்கிற கோமஸ், 'எஸ்' ஒட்டியது. கோமே என்ற பழைய பெயருடையவரின் மகன் என்று அதற்குப் பொருள். தூத்துக்குடித் தெருவில் ஒரு பர்னாந்து வீடும் ஒரு கோமஸ் வீடும் எதிரெதிரே இருந்தால், ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்தின் இரண்டு பெயர்வைப்பு முறைகள் எதிரெதிரே இருக்கின்றன என்று அர்த்தம்.

தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த அப்பா பெயர், 13ஆம் நூற்றாண்டு தொடங்கி மெல்ல உறைய ஆரம்பித்தது. நிலத்துக்குப் பத்திரம், வரிக்குப் பட்டியல், வாரிசுக்கு வழக்கு என்று எழுத்து வேலை கூடக்கூட, ஆளை நிலையான பெயரில் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. கார்சியாவின் மகன் பேத்ரோ கார்சியா. பேத்ரோவின் மகன் ஹுவான், முன்பென்றால் ஹுவான் பெரேஸ் ஆகியிருப்பான். இப்போது அவனும் ஹுவான் கார்சியா. அந்தக் கணத்தில் கார்சியா அப்பா பெயர் என்ற நிலையை விட்டு, குடும்பத்தின் பெயராகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரென்ட் பொதுச்சங்கம் 1563இல் முடிந்தபின் பங்குக் கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைப்பது பொது விதியாகி, பெயர்கள் இன்னும் கெட்டிப்பட்டன.

அப்படி உறைந்த நேரத்தில் காஸ்டில் பகுதியில் கார்சியா என்ற பெயருடைய ஆண்கள் ஏராளம். ராஜா வைத்த பெயரை ஊரும் வைத்துக்கொண்டது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருந்த அந்தக் கார்சியாக்களின் பிள்ளைகள் எல்லாருமே தனித்தனியாகக் கார்சியா குடும்பங்கள் ஆனார்கள். மலையடிவாரத்து ஆட்டிடையர் ஒருவரின் பிள்ளைகளும், பர்கோஸ் நகரத்துத் துணி வியாபாரி ஒருவரின் பிள்ளைகளும் ஒரே குடும்பப் பெயர் பெற்றார்கள். இருவருக்கும் எந்த உறவும் இல்லை.

இதோடு மதம் மாறியவர்களும் சேர்ந்தார்கள். யூதர்களும் முஸ்லிம்களும் கட்டாயத்தாலோ வேறு வழியில்லாமலோ கிறிஸ்தவர் ஆனபோது, கூட்டத்தில் கரைந்துபோகும் சாதாரணப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பலருக்கு ஞானத்தகப்பனின் பெயர் வந்தது. கடல் தாண்டிய பின் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளுக்கும், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கும் பாதிரியார் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பானியப் பெயரைக் கொடுத்தார். அதில் கார்சியாவும் வந்தது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் அழிந்துபோன சொந்தப் பெயர்கள் எத்தனை என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் இணையத்தில் 'கார்சியா குடும்பச் சின்னம்' என்று கேடயப் படம் போட்டு விற்கிறவர்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கேடயச் சின்னம் பெற்ற சில கார்சியா பிரபுக் குடும்பங்கள் இருந்தது உண்மை. அது அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியது. கார்சியாக்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு மூதாதை இல்லை.

இன்னொரு வேடிக்கையான மாற்றமும் நடந்தது. குடும்பப் பெயராகக் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில், தொட்டிலில் வைக்கும் பெயராகக் கார்சியா மறைந்துகொண்டே வந்தது. இன்று ஸ்பெயினில் யாரும் பிள்ளைக்குக் கார்சியா என்று பெயர் வைப்பதில்லை என்றே சொல்லலாம். அதைச் சொந்தப் பெயராகக் கொண்ட ஒருவர் நம் பக்கம் வந்திருக்கிறார். போர்ச்சுகல் மருத்துவர் கார்சியா தா ஓர்தா 1534இல் கோவாவுக்கு வந்து, சாகும்வரை அங்கேயே இருந்தார். இந்திய மூலிகைகள், வாசனைப் பொருள்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. மதம் மாறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1568இல் இறந்தார். சில வருடங்கள் கழித்து மத விசாரணை மன்றம் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது.

இந்தியப் பெருங்கடலில் இன்னொரு கார்சியாவும் உண்டு. செய்திகளில் அடிபடும் டியாகோ கார்சியா தீவுதான் அது. டியாகோ சொந்தப் பெயர், கார்சியா குடும்பப் பெயர். ஐபீரிய மாலுமிகள் இந்தக் கடலை வரைபடத்தில் பதித்த காலத்தின் மிச்சம். படகில் கிளம்பித் தத்தளித்த இலங்கைத் தமிழர்கள் 2021 அக்டோபரில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டு, மூன்று வருடத்துக்கும் மேல் கூடாரங்களில் அல்லாடியது இந்தத் தீவில்தான். அவர்களில் பெரும்பாலோர் 2024 டிசம்பரில் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இரண்டு பெயர் ஏன்?

சரி, ஒருவருக்கு எதற்கு இரண்டு குடும்பப் பெயர்? அப்பாவின் முதல் குடும்பப் பெயரும் அம்மாவின் முதல் குடும்பப் பெயரும் சேர்ந்து பிள்ளைக்கு வரும். இது நீண்ட நாள் வழக்கம். 1870இல் ஸ்பெயின் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகு கட்டாயமே ஆகிவிட்டது. கவிஞர் லோர்காவை எடுத்துக்கொள்வோம். அப்பா பெதெரிகோ கார்சியா ரோட்ரிகெஸ். அம்மா விசெந்தா லோர்கா ரொமேரோ. பிள்ளை பெதெரிகோ கார்சியா லோர்கா. கூடப் பிறந்தவர்கள் எல்லாருமே கார்சியா லோர்கா. அம்மா மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் லோர்கா ரொமேரோதான். ஸ்பெயினில் பெண்கள் திருமணத்தால் பெயர் மாற்றிக்கொள்வதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1999 முதல் அப்பாவும் அம்மாவும் ஒத்துக்கொண்டால் அம்மா பெயரை முன்னால் வைக்கலாம். 2017 முதல் அப்பா பெயர்தான் முன்னால் என்ற இயல்பான முன்னுரிமையும் போய்விட்டது. பெற்றோர் வரிசையைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால், ஒத்துப்போகாவிட்டால், பதிவாளர் முடிவு செய்வார். முதல் பிள்ளைக்கு எந்த வரிசையோ அதுவேதான் அடுத்த பிள்ளைகளுக்கும்.

அப்பா அம்மா இருவருமே கார்சியா என்றால் பிள்ளை கார்சியா கார்சியா. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். நூற்றுக்கு மூன்று பேர் கார்சியா என்னும்போது, சொந்தபந்தம் எதுவும் இல்லாமலே சுமார் ஆயிரம் ஜோடிகளுக்கு ஒரு ஜோடி அப்படி அமைந்துவிடும். ஸ்பெயினில் கார்சியா கார்சியாக்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவு பரவலான பெயரால் ஒரு விளைவும் உண்டு. பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கத்தானே இருக்கிறது? கார்சியா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பினால் எப்படி? அதனால் முதல் பெயர் மிகச் சாதாரணமானதாக இருக்கும்போது, ஜனங்கள் இரண்டாவதை, அம்மா பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கார்சியா லோர்கா உலகத்துக்கு வெறும் லோர்கா ஆனது அப்படித்தான். ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோவில் ரூயிஸ் அப்பா பெயர், உலகம் அறிந்தது அம்மாவின் பிக்காசோ. 2004 முதல் 2011 வரை பிரதமராக இருந்த ரோட்ரிகெஸ் சபாதேரோவை நாடே சபாதேரோ என்றது. அரிதான பெயர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் வெல்கிறது. அப்பா வழிச் சமூகத்தில் இத்தனை அம்மா பெயர்கள் வரலாற்றில் நின்றுபோனதற்குக் கார்சியா, ரூயிஸ், ரோட்ரிகெஸ் போன்ற பெயர்கள் மலிந்து கிடந்ததே காரணம்.

வெளிநாட்டுக் கார்சியாக்கள்

மெக்சிகோவில் எர்னாண்டஸுக்கு அடுத்த இடத்தில் கார்சியா. பெருவில் இரண்டு முறை அதிபராக இருந்தவர் ஆலன் கார்சியா. பிரான்சில்கூட அதிகம் புழங்கும் பெயர்களில் இது உண்டு. 1939இன் தொடக்கத்தில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பு தோற்றபோது, ஏறக்குறைய 5 லட்சம் பேர் பனியில் பிரனீஸ் மலையைத் தாண்டி பிரான்சுக்கு ஓடினார்கள். கரடி நடமாடிய மலையில் பிறந்த பெயர், அகதியாக அதே மலையைக் கடந்தது.

அமெரிக்கக் கணக்கு ஒரு நாட்டின் மாற்றத்தையே காட்டுகிறது. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கார்சியா 18ஆம் இடத்தில் இருந்தது. 2000இல் 8ஆம் இடம். 2010இல் 6ஆம் இடம், 11 லட்சத்து 66 ஆயிரம் பேர். ஸ்மித், ஜான்சன், வில்லியம்ஸ், பிரவுன், ஜோன்ஸ், அதற்கு அடுத்தது கார்சியா. அங்கே படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரே கட்டம்தான் என்பதால், அம்மா பெயர் பல குடும்பங்களில் அந்தக் கட்டத்துக்கு வெளியே விழுந்து தொலைந்துவிட்டது.

எண்ணிக்கை கூடிய அளவுக்கு மரியாதை சீக்கிரம் வந்துவிடவில்லை. மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸில் பருத்தி பறித்து வளர்ந்த மக்காரியோ கார்சியா, இரண்டாம் உலகப் போரில் காயத்தோடு தனியாளாக இரண்டு எதிரி நிலைகளைப் பிடித்தார். 1945 ஆகஸ்டில் அதிபர் ட்ரூமன் வெள்ளை மாளிகையில் அவர் கழுத்தில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் போட்டார். அடுத்த மாதமே டெக்சாஸில் ஓர் உணவகத்தில், மெக்சிகர் என்பதால் அவருக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். மெக்சிகோ வம்சாவளி முன்னாள் வீரர்களின் உரிமைக்காக 1948இல் ஓர் அமைப்பைத் தொடங்கிய மருத்துவரும் ஒரு கார்சியாதான், எக்தோர் கார்சியா.

பிலிப்பைன்ஸ் கதை வேறு மாதிரி. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் இஷ்டத்துக்குப் பக்திப் பெயரை எடுத்துக்கொள்ள, ஊருக்கு ஊர் 'தே லா குரூஸ்' (சிலுவையின்), 'தே லோஸ் சாந்தோஸ்' (புனிதர்களின்) என்றே ஆகிவிட்டது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பெயரும் இருந்தது. வரி வாங்க முடியவில்லை. 1849 நவம்பரில் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா ஒரு ஆணை போட்டார். அகரவரிசையில் குடும்பப் பெயர்கள் அச்சடித்த தடித்த புத்தகம் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி, அதிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பெயர் எடுக்கச் சொன்னார். ஓர் ஊருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்ததால் சில ஊர்களில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் அது ஆர் எழுத்து. இப்படிப் பெயர் வந்த குடும்பங்களுக்கு ஸ்பெயின் ரத்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பின்னாளில் அமெரிக்கர் ஆட்சி வந்ததும் வரிசையும் மாறியது. அம்மா பெயர் நடுவுக்கு நகர்ந்து, அப்பா பெயர் கடைசிக்கு வந்தது. 1957 முதல் 1961 வரை பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த கார்லோஸ் கார்சியாவின் பெயரில் நடுவே ஒரு 'பி' இருக்கும். அது அவர் அம்மாவின் குடும்பப் பெயரான பொலிஸ்திகோ.

மறுபடியும் கார்சியா மார்க்வெஸுக்கு வருகிறேன். கார்சியா அப்பா வழியில் வந்தது என்று தொடக்கத்தில் எழுதினேன். அது பாதி உண்மைதான். அவருடைய அப்பா காப்ரியேல் எலிஹியோ கார்சியா 1901இல் கொலம்பியாவின் கரீபியக் கரை மாநிலத்தில், சின்ஸே என்ற சிற்றூரில் பிறந்தவர். அவரைப் பெற்ற ஆர்ஹெமிரா கார்சியா அப்போது கல்யாணமாகாத பதின்வயதுப் பெண். பிள்ளையின் தகப்பன் ஒரு பள்ளி ஆசிரியர், குடும்பப் பெயர் மார்ட்டினெஸ். அவர் ஆர்ஹெமிராவை மணந்துகொள்ளவில்லை. அதனால் பிள்ளைக்கு அவருடைய மார்ட்டினெஸ் வராமல், பெற்றவளின் கார்சியா வந்தது. அந்த ஆசிரியர் அன்று வேறு முடிவு எடுத்திருந்தால், 1982இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கப் படியேறியவர் காப்ரியேல் மார்ட்டினெஸ் மார்க்வெஸ். நூலகத்தில் நான் முதலில் தேடிய எம் வரிசையிலேயே கிடைத்திருப்பார். ஜி வரிசையில் அந்தத் தட்டு நிறைய இருந்த பெயர், ஆர்ஹெமிராவுடையது.